கப்பித்தானின் முறைப்பாடு

செட்டிபாளையத்தில் பாதி வீடுகளுக்குக் கக்கூஸ் கிடையாத காலத்தில் சீதேவிப்பிள்ளையின் பூனைக்கு ஒன்று இருந்தது. ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரிக்கட்டும். மண்ணெண்ணெய்த் தகரத்தை நீளவாக்கில் வெட்டி, கையைக் கிழிக்காதபடி விளிம்பை மடித்துத் தட்டி, கடற்கரை மணலை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, வீட்டு மூலையில் வைப்பதற்கு ஒருத்திக்கு மூளை வேண்டும். கிழமைக்கு ஒருமுறை கடகத்தில் புதுமணல் சுமந்து வர மனமும் வேண்டும். சிரித்தவர்களில் ஒருவருக்கும் இந்த இரண்டும் ஒன்றாக வாய்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லி வைத்துவிடலாம்.

பூனையின் பெயர் கப்பித்தான். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் அடிபட்டு வந்த வைக்கோல் கட்டு ஒன்றின்மேல் நிமிர்ந்து நின்றபடி முற்றத்தில் வந்து கரைதட்டிய குட்டி. அப்போது உயிரோடிருந்த சீதேவியின் தாய், "ஆரடா இது, கப்பல் ஓட்டி வாறான்" என்று சிரித்து அந்தப் பெயரை வைத்தாள். வந்த மறுமாதமே ஒரு நாய் அதன் பின்னங்காலைக் குதறிவிட்டது. புண் ஆறியது, நொண்டல் ஆறவில்லை. வேலி பாயவும் மரம் ஏறவும் முடியாத பூனையை இருட்டில் வெளியே விடப் பயந்துதான் சீதேவி தகரப்பெட்டி செய்தாள். இரண்டே நாளில் கப்பித்தான் அதன் உபயோகத்தைப் புரிந்துகொண்டது. அன்றிலிருந்து ஆறு வருடமாக ஒரு சொட்டு வெளியே சிந்தியதில்லை.

தாய் போன பிறகு அந்த வீட்டில் அவளும் பூனையும்தான். அண்ணன் தங்கராசா எப்போதோ கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விட்டார். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளைதான் கலியாணத்தன்று தன் உடுப்புப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாற வேண்டும். சீதேவி பன்புல்லில் பாய் இழைத்து வாழ்ந்தாள். அவள் இழைக்கும்போது கப்பித்தான் பக்கத்தில் படுத்திருக்கும். ஒருநாளும் பாயில் நகம் வைத்ததில்லை. முப்பத்தொரு வயதுவரை அவளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை. யாரும் அமைவார் என்று அவள் எதிர்பார்ப்பதையும் விட்டிருந்தாள்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு வைகாசியில் பெரியகல்லாற்றிலிருந்து கோணாமலை மாப்பிள்ளையாக வந்தார். அவர் வட்டை விதானை. ஊரார் ஆறு என்று சொல்லும் வாவிக்கு அப்பால், படுவான்கரையில் ஒரு பெரிய வயல்வட்டை முழுவதற்கும் குளத்துத் தண்ணீரை முறைவைத்து விடுகிற வேலை. யாருடைய மடை எந்த நாள் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று அவர்தான் சொல்வார். மழையில்லாத சிறுபோகக் காலத்தில் இதைவிடப் பொல்லாத வேலை கிடையாது. தண்ணீர் கிடைத்தவன் பிள்ளையாரைக் கும்பிட்டான், கிடைக்காதவன் முறைப்பாடு கொண்டுவந்து விதானையைத் திட்டினான். கோணாமலை இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டு நிற்பார். அளந்து பேசுகிறவர் என்று சொன்னால் அதுகூட அதிகம்தான். கிழமையில் நாலு நாள் வயல்வாடிக் குடிசையில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரத் தோணியில் வீடு திரும்புவார்.

சீதேவிக்கு அவரைப் பிடித்திருந்தது. பயமும் இருந்தது. பிந்திக் கிடைத்த மாப்பிள்ளை. மனம் கோணி, வந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியகல்லாற்றுக்கே போய்விட்டால்? அவர் என்ன நினைக்கிறார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே அவரை வந்த நாள் தொடங்கி விருந்தாளியாகவே வைத்திருந்தாள். ஓரா, கொடுவா, இறால் என்று நல்லதெல்லாம் அவர் தட்டுக்குப் போனது. அதுவரை தினமும் ஆற்றுமீன் தலையை அவித்து, அவித்த தண்ணீரோடு சோற்றில் பிசைந்து கப்பித்தானுக்கு வைத்தவள், இப்போது தலையையும் மாப்பிள்ளையின் குழம்பிலேயே போட்டாள். பூனைக்குச் சூடைக் கருவாடு சுட்டுப் போட்டாள். கருவாடு வேண்டாமென்று சொல்லும் பூனை உலகத்தில் உண்டா? கப்பித்தான் வாலை நிமிர்த்திக்கொண்டு தின்றது.

கருவாடு சுடும் நேரத்தில் கோணாமலை வீட்டிலிருந்தால், தலையை மெல்ல உயர்த்தி ஒருதரம் மோந்து பார்ப்பார். மணம் பிடிக்கவில்லையாக்கும் என்று சீதேவி அடுப்படிக் கதவைச் சாத்திவிடுவாள். மாப்பிள்ளை படுக்கிற அறையில் பூனையின் பெட்டி கிடப்பதும் அவளுக்கு அழகாகப் படவில்லை. அதைத் தூக்கி அடுப்படிக்குப் பின்னால், விறகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

ஆடி பிறந்தது. ஒரு காலையில் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்த அவர் வேட்டியில் ஈரம் கண்டாள். மோந்து பார்த்தாள். பூனை மூத்திரம். கப்பித்தானா? நம்ப முடியாமல் தானே கழுவிக் காயப்போட்டாள். மறுநாள் படுக்கைப் பாயில். அதற்கடுத்த நாள் அவர் செருப்புக்குப் பக்கத்தில், சீமெந்துத் தரையில். எல்லாம் சின்னச் சின்ன ஈரம், ஒரு தேக்கரண்டி அளவு. இத்தனை கொஞ்சமாக, இத்தனை இடத்தில் ஏன் என்று அவள் ஒருதரம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வெட்கம்தான் முதலில் வந்தது. அவர் வீட்டில் இல்லாத நாட்களாகப் பார்த்து நடந்ததே என்று பிள்ளையாருக்கு நன்றி சொன்னாள்.

நன்றி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கப்பித்தான் அவருடைய சால்வையில் பெய்தது. சரிகைக் கரை போட்ட சால்வை, வயல் செய்யும் கமக்காரர் கூட்டங்களுக்குத் தோளில் போட்டுப் போகிற சால்வை. மறுநாள் காலையில் கூட்டம். சீதேவி அதைத் தேசிக்காய்ப் புளி போட்டு ஒருதரம், சவுக்காரம் போட்டு ஒருதரம் கழுவி, காற்றில் வீசி வீசிக் காயவைத்து, மடித்துக் கொடுத்தாள். அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். கூட்டம் முடிந்து அப்படியே வயலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று மத்தியானமே அண்ணன் தங்கராசா வந்து முற்றத்தில் நின்றார். அவரும் அந்த வட்டையில் வயல் செய்கிறவர்தான், கூட்டத்துக்குப் போயிருந்தார்.

"தங்கச்சி, இஞ்ச வா. மச்சான்ட சால்வையில பூனை மூத்திரம் மணக்குது. பக்கத்தில இருந்த பெரிய வயல்காரப் போடியார் எழும்பிப் போய் அங்கால இருந்திட்டார். எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியல்ல."

"அவர் என்ன சொன்னார், அண்ண?"

"அவர் என்னத்தைச் சொல்லுவார்? வாய் திறக்கிற மனிசனா அவர்? பேசாம இருந்தார். பேசாம இருக்கிற ஆக்களுக்குத்தான் புள்ள பயப்பிடோணும்."

தங்கராசா குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைட உடுப்பாப் பாத்துப் பெய்யுதெண்டா என்ன அருத்தம்? நீ வெளியில போ எண்டுதான் அருத்தம். இதை அவர்ட ஆக்கள் கேள்விப்பட்டா, எங்கட பொடியன அந்த வீடு ஏற்கல்ல எண்டு கூட்டிக்கொண்டு போயிருவாங்க. சாக்கில போட்டு ஆத்துக்கு அங்கால அனுப்பிரு. சாக்கை மூண்டுதரம் சுத்திக் குடு, திரும்பி வாற தெசை மறந்து போகும்."

"நொண்டிப் பூனை அண்ண. அங்கால நரி திரியிற இடம்."

"உனக்குப் பூனை வேணுமா, புருசன் வேணுமா?"

இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் தான் பெரிய நியாயம் பேசிவிட்டதாகச் சில அண்ணன்மாருக்கு நினைப்பு. தங்கராசா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சீதேவி நாலு நாள் பார்த்தாள். தகரத்தைத் தேய்த்துக் கழுவினாள். கடற்கரைக்குப் போய் வெண்மணலாகத் தெரிந்து அள்ளி வந்தாள். கப்பித்தானைத் தூக்கிப் பெட்டியில் விட்டு, "பெய்யன்டா, உனக்கென்ன குறை வச்சன்?" என்று கெஞ்சினாள். அது மணலைப் பிறாண்டும், குந்தும், எழும்பும், வேறு மூலையில் குந்தும், பிறகு வெளியே வந்து வாசற்படியில் குந்தும். நாளுக்கு இருபது தரம். வெள்ளிக்கிழமை காலையில், கழுவித் துடைத்த அறைக்குள், கோணாமலையின் உடுப்புப்பெட்டிக்கு நேர் முன்னால் குந்தி, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நீளமாகக் கத்தியது.

"என்ட முகத்தைப் பாத்துக்கொண்டே செய்யிறியா?" என்று விளக்குமாற்றால் ஒன்று வைத்தாள்.

ஆறு வருடத்தில் அதுதான் முதல் அடி. கப்பித்தான் ஓடவில்லை. இரண்டு அடி தள்ளிப் போய்த் திரும்பவும் குந்தியது. சீதேவி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சாக்கை எடுத்தாள்.

அவர் பின்னேரத் தோணியில்தான் வருவார். அதற்கு முன்னால் மத்தியானத் தோணியில் பூனையை அனுப்பிவிட வேண்டும். தோணிக்காரர் கதிர்காமத்தம்பி நல்ல மனிசன், அக்கரையில் ஏதாவது வாடிக்குப் பக்கத்தில் பார்த்து விடச் சொல்லலாம். சாக்கை நெஞ்சோடு அணைத்தபடி துறைக்குப் போனாள். மூன்றுதரம் சுற்றச் சொன்னதை அவள் செய்யவில்லை. வழி தெரிந்து திரும்பி வருமென்றால் வரட்டுமே என்று மனதின் ஒரு மூலை சொன்னது.

தோணி கரைக்கு வந்தது. அதிலிருந்து முதல் ஆளாக இறங்கினவர் கோணாமலை. அன்றைக்கென்று தண்ணீர்முறை வெள்ளென முடிந்திருந்தது.

"இதென்ன சாக்கு?" என்றார்.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சாக்கு கத்தியது. அதற்குமேல் எதை மறைப்பது? வேட்டி, பாய், செருப்பு, சால்வை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அண்ணன் சொன்னதையும் சொன்னாள். "இவனுக்கு உங்களப் பிடிக்கல்லயாம். அதால அனுப்பப் போறன்" என்று சொல்லிச் சாக்கை இன்னும் இறுக்கி அணைத்தாள்.

கோணாமலை சாக்கை வாங்கிக் கீழே வைத்து வாயை அவிழ்த்தார். கப்பித்தான் வெளியே வந்தது. கரையெல்லாம் ஆட்கள். எந்தப் பூனையும் ஓடித் தப்பியிருக்கும். இது நாலு அடி நொண்டிப் போய், ஈரமணலில் குந்தி, முதுகை வளைத்து முக்கியது. கோணாமலை வேட்டியை மடித்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் தானும் குந்தினார். முக்குவதைப் பார்த்தார். அது எழும்பிய இடத்தைக் குனிந்து பார்த்தார். தலையை மணலோடு சாய்த்து இன்னும் கிட்டத்தில் பார்த்தார். ஊரே மரியாதை கொடுக்கும் வட்டை விதானை, நட்டநடு மத்தியானத்தில், துறையில் குந்தியிருந்து பூனையின் பின்பக்கத்தைப் பார்க்கிறார். தோணியில் வந்தவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அவர் அதையொன்றும் காணவில்லை.

"சீதேவி, இஞ்ச வந்து பார்."

மணலில் ஒரே ஒரு சொட்டு. அதுவும் சிவப்பாக இருந்தது.

"இவன் பெய்யிறான் எண்டு நீ சொல்றாய். இவனுக்குப் போகவே இல்ல. சலம் அடைச்சுக் கிடக்கு." பூனையின் அடிவயிற்றில் மெல்ல விரல் வைத்தார். "தொட்டுப் பார்." சீதேவி தொட்டாள். தேசிக்காய் போல இறுகி நின்றது. கப்பித்தான் அவள் கையைக் கடிக்கவில்லை. நக்கியது.

"வாய்க்கால் அடைச்சா கண்ட கண்ட வரம்பிலயும் கசியும் புள்ள. கசியிற இடத்தில நிண்டு வரம்பை ஏசி என்ன வேலை? அடைச்ச இடத்தைத்தானே பாக்கோணும்."

"அப்ப ஏன் உங்கட உடுப்பாத் தேடித் தேடி?"

கோணாமலை முதன்முறையாக லேசாகச் சிரித்தார். "தண்ணி முறைப்பாடெண்டா வட்டை விதானைக்கிட்டத்தானே வரோணும். இவன் ஆள் தெரிஞ்சுதான் வந்திருக்கான். எனக்குத்தான் விளங்கல்ல."

கலியாணமாகி இரண்டு மாதத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. ஊரில் எல்லாரும், அவள் உட்பட, பூனையின் மனதில் என்ன பகை என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இந்த ஒரு மனிதர்தான் குனிந்து மணலைப் பார்த்தார். சீதேவிக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. அதற்குள் அவர் தோளில் கிடந்த சால்வையை, அதே சரிகைக் கரைச் சால்வையை, உருவிப் பூனையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவை நோக்கி நடந்துவிட்டார்.

"எங்க போறீங்க?"

"டவுணுக்கு. மாட்டாஸ்பத்திரிக்கு. வா கெதியா, வசு போயிரும்."

பஸ்ஸில் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "விதானையார் மடியில என்ன, புள்ளையா?" என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். "வருத்தக்காரன். ஆஸ்பத்திரிக்கு" என்று மட்டும் கோணாமலை சொன்னார். சொன்ன விதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. காத்தான்குடி கடக்கும்போது சீதேவி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"காலையில விளக்குமாத்தால அடிச்சுப் போட்டன்."

அவர் அவளைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அவனுக்குச் சுகமாகட்டும். மறுகா அவன்கிட்டச் சொல்லு" என்றார். பிறகு, "சால்வை மணந்தது எனக்கும் தெரியும். ரெண்டுதரம் கழுவினதும் தெரியும். உன்ட கை முழுக்கச் சவுக்கார மணம். அதைப் பாத்த பிறகு எப்பிடிப் போடாமப் போறது?" என்றார்.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போது இரும்பு அதிர்ந்தது. கப்பித்தான் மடியில் முனகியது. அவர் உள்ளங்கையால் அதன் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

மாட்டாஸ்பத்திரியில் அன்று மூன்று பசுவும் ஒரு எருமைக் கன்றும் வரிசையில் நின்றன. வாசலில் நின்ற உதவியாள், "பூனைக்கெல்லாமா டொக்குத்தர்?" என்று கேட்டார். "உயிர் போனா எல்லாம் ஒண்டுதான் தம்பி" என்றார் கோணாமலை. பசுக்காரர்களிடம் போய், இது இன்றைக்குத் தாங்காது, முறையை விட்டுத் தருவீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். வட்டையில் எவனுக்கும் ஒருநாளும் முறை மாற்றிக் கொடுக்காத மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு முறை கேட்டு நிற்கிறார். எருமைக் கன்றுக்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். போன சிறுபோகத்தில் இவரிடம் மடை திறக்கச் சொல்லி மன்றாடித் திரும்பினவர்தான். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கன்றை ஒதுக்கிப் பிடித்து, "போங்க விதானையார்" என்றார்.

றோய் டொக்டர் வாட்டசாட்டமானவர். பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுக் கன்று எடுக்கிறவர் என்று பெயர். அந்தப் பெரிய கைகள் கப்பித்தானின் வயிற்றைத் தொட்ட மென்மையைப் பார்த்துச் சீதேவிக்கு மூச்சு வந்தது.

"சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கிறீங்க. ஆண் பூனைக்கு வாற வருத்தம். சலம் போற குழாய் ஊசித்துவாரம் மாதிரி, அதில மணல் கட்டி அடைச்சிருக்கு. பூனைக்கு விடுற அளவுக்குச் சின்னக் குழாய் என்னட்ட இல்ல. கையால எடுக்கப் பாப்பம். இறுக்கிப் பிடியுங்க. என்ன நடந்தாலும் கையை எடுக்கக் கூடாது."

வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஒத்தடம் கொடுத்தார். பிறகு விரலில் எண்ணெய் தொட்டு, சலக்குழாயின் நுனியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து மெல்ல உருட்டினார். கப்பித்தான் கத்திய கத்தலில் வெளியில் பசு வெருண்டது. கோணாமலையின் புறங்கையில் நகம் நாலு கோடு கிழித்தது. அவர் அசையவில்லை. குனிந்து பூனையின் காதுக்குள், "கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வந்திரும்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். வறண்ட வயலைப் பார்த்து நிற்கும் கமக்காரருக்கும் அவர் இப்படித்தான் சொல்வாரோ என்று சீதேவி நினைத்தாள்.

நேரம் போய்க்கொண்டேயிருந்தது. றோய் டொக்டரின் நெற்றியில் வியர்வை. இரண்டுதரம் கையை எடுத்து உதறினார். இரண்டாம் தரம் அவர் முகத்தைப் பார்த்துச் சீதேவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்திட்டுது" என்றார் டொக்டர்.

அவர் பெருவிரல் நுனியில், நனைந்த சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒரு துணுக்கு, அரிசிக் குறுணிகூட இல்லை. அதன் பின்னால் வந்தது தண்ணீர். முதலில் சிவப்பாக, பிறகு மஞ்சளாக, நேரே கோணாமலையின் நெஞ்சில். சட்டை நனைந்தது, வேட்டி நனைந்தது, சால்வை முழுதும் நனைந்தது. கையை எடுக்கக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள், அவர் எடுக்கவில்லை. "போகட்டும், போகட்டும், நல்லாப் போகட்டும்" என்று, குளம் நிறைந்து வழிந்து வான் பாய்வதைக் கண்டவர் முகத்தோடு நின்றார். சீதேவி சிரித்தாள், அழுதாள், இரண்டில் எது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நாளைக்குக் கொண்டுவந்திருந்தா நான் ஒண்டும் செய்திருக்க ஏலாது" என்றார் டொக்டர், கையைக் கழுவிக்கொண்டு. "என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

"கருவாடு" என்றாள் சீதேவி.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா." சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. "அதுக்கு முன்னால மீன்தலை அவிச்சுத் தண்ணியோட குடுத்தன். இவர் வந்த பிறகு நல்ல மீனெல்லாம் இவருக்கு..." மேலே சொல்ல வராமல் நின்றாள். மாப்பிள்ளைக்குச் செய்த மரியாதை பூனையின் குழாயில் மணலாகக் கட்டியிருக்கிறது.

டொக்டர் ஏசவில்லை. எல்லாப் பூனைக்கும் இது வருவதில்லை என்றார். இவனுக்கு வந்திருப்பதால் இனிக் கருவாடு கூடாது. பழையபடி மீனை அவித்த தண்ணீரோடு கொடுக்க வேண்டும், குடிதண்ணீர் இரண்டு மூன்று இடத்தில் வைக்க வேண்டும். பெட்டியையும் பழகிய இடத்திலேயே வைக்கச் சொன்னார். நோவு வந்தால் பெட்டியில்தான் நோகிறது என்று நினைத்துப் பூனை வேறு இடம் தேடும், அது பகையல்ல என்றார். திரும்ப அடைத்தால் ஒரு மணித்தியாலமும் பிந்தாமல் கொண்டு வர வேண்டும்.

மறுநாள் காலையில் செட்டிபாளையம் ஒரு காட்சியைக் கண்டது. வட்டை விதானை கோணாமலை தலையில் கடகம் வைத்துக் கடற்கரையிலிருந்து மணல் சுமந்து வந்தார். "என்ன விதானையார், வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டவர்களிடம், "பூனைக்கு" என்றார். வேறு விளக்கம் கொடுக்கவில்லை. தகரப்பெட்டியை அடுப்படிக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்து, அறையில், தன் உடுப்புப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார். இன்னொரு தகரம் வெட்டி முன்வாசலிலும் ஒன்று வைத்தார். பிறகு குந்தியிருந்து மணலைக் கிளறிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. "மூண்டு ஈரக் கட்டி. பெரிய கட்டி. முறை சரியா ஓடுது" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். சீதேவி கப்பித்தானைத் தனியாக மடியில் வைத்து, விளக்குமாற்று விசயத்தை அதன் காதில் சொன்னாள். அது தூங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் மீன் குறைவு. ஒரே ஒரு ஓரா கிடைத்தது. அவித்து முள் எடுத்துத் தண்ணீரோடு கப்பித்தானுக்கு வைத்தாள். வீட்டில் மிச்சமாகக் கிடந்தது சூடைக் கருவாடுதான். கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்து, நாலு கருவாட்டைச் சுட்டெடுத்தாள். மாப்பிள்ளைக்கு இதையா வைப்பது? கை கூசியது. ஆனாலும் இந்த மனிதரிடம் இனி எதை மறைக்க இருக்கிறது என்று தட்டில் வைத்துவிட்டாள்.

"இண்டைக்கு உங்களுக்குக் கருவாடுதான்."

கோணாமலை தட்டைப் பார்த்தார். தலையை உயர்த்தி, அவர் வழக்கப்படி ஒருதரம் மோந்தார். சாப்பிடத் தொடங்கினார். முதல் சோறு போனது, இரண்டாம் சோறு கேட்டார். இரண்டு மாதத்தில் அவர் அந்த வீட்டில் கேட்ட முதல் பொருள் அது. மூன்றாம் தரமும் தட்டை நீட்டினார். சீதேவி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கருவாடு பிடிக்குமா?"

"பிடிக்குமாவா?" கோணாமலை விரலை நக்கிக்கொண்டார். "ரெண்டு மாசமா இவன் தின்னுறதைப் பாத்துப் பாத்து எச்சில் விழுங்கிக்கொண்டு இருந்தன். பொண்டாட்டி வீட்ட இருக்கிறவன் அது வேணும் இது வேணும் எண்டு கேக்கக் கூடாதெண்டு அம்மா சொல்லித்தான் அனுப்பினா. மணம் வந்தா நீ வேற கதவைச் சாத்திப் போடுவாய்."

"அட கடவுளே. வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

கோணாமலை மூலையில் வயிறு நிறைந்து படுத்திருந்த கப்பித்தானைப் பார்த்தார்.

"அவனுக்கெண்டா முறைப்பாடு வைக்க என்ட சால்வை இருந்துது. நான் எங்க போய்ப் பெய்யிறது?"

சீதேவி தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் முன்னால் வாயைப் பொத்தாமல் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டியில் மிச்சமிருந்த கருவாட்டையெல்லாம் வழித்து அவர் தட்டில் போட்டாள்.